மூன்று பார்சலும் ஒரு துறைமுகமும்

கொழும்புக்கு வந்து எட்டு மாதமாகியும் கொழும்பைக் காணாதவள் ஒருத்தி இருந்தாள் என்றால் அது கனகேஸ்வரிதான். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடச் சட்டம்பியாருக்கு மூத்த மகளாகப் பிறந்து, தகப்பனிடமே எட்டாம் வகுப்புவரை படித்து, ரீச்சராகத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் மெயில் றெயிலில் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து இறங்கினாள். இறங்கியவளைச் சித்தப்பா நேரே வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் பிறகு அவள் கண்ட கொழும்பு இவ்வளவுதான்: சித்தப்பா வீட்டு ஒழுங்கை, ஒழுங்கை முடிவில் றெயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், காலி வீதியில் பஸ் நிற்கிற மூலை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மதில். கிணற்றுத் தவளையைத் தூக்கி இன்னொரு கிணற்றுக்குள் விட்ட கதைதான்.

சித்தப்பாவைக் குறை சொல்லவும் கூடாது. அரசாங்கக் கணக்குப் பார்க்கிற ஆடிற் கந்தோரில் கிளார்க், எறும்புக்கும் தீங்கு நினையாத மனிதர். "வாற சனி கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன் பிள்ளை. மியூசியம், துறைமுகம், விக்டோரியாப் பூங்கா, எல்லாம் ஒரே நாளிலை" என்று கிழமைக்கு ஒருமுறை வாக்குக் கொடுப்பார். ஆனால் சனிக்கிழமை என்றால் எண்ணெய் முழுக்கு. உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் பூசி, சீயாக்காய் தேய்த்து முழுகினால், பிறகு வெயிலில் இறங்கக் கூடாது. பகலில் நித்திரையும் கொள்ளக் கூடாது. ஆகவே சாய்மனைக் கதிரையில் பத்திரிகையை முகத்துக்கு மேல் விரித்தபடி விழித்திருப்பார். குறட்டை மட்டும் ஒழுங்கைவரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கந்தோர்க் கூட்டாளிகள் முந்நூற்றிநாலு சீட்டு விளையாட வந்துவிடுவார்கள். இப்படியே முப்பது சனிக்கிழமைகள் போயின. தனியே போகலாமே என்றால், குமர்ப்பிள்ளை கொழும்பில் தனியே சுற்றினாள் என்ற கதை அவள் வீடு திரும்புமுன் உரும்பிராய்ச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஊர் பார்க்காததால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். கனகேஸ்வரிக்கு உண்மையிலேயே முழுகுகிற மாதிரித்தான் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் சோதனைப் பாடம் என்று ஒன்று உண்டு. இன்ஸ்பெக்டர் ஐயா பின்வாங்கில் குந்தியிருக்க, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் காட்டவேண்டும். அவளுடைய முதல் பாடம் டிராம் வண்டி. வெள்ளவத்தைப் பக்கம் டிராம் இல்லை. அவள் டிராமைக் கண்டதும் இல்லை. தண்டவாளத்தில் ஓடுகிற சாமான்தானே என்று, "நிலக்கரி போட்டு, நீராவியால் ஓடும்" என்று அழகாக விளக்கினாள். முன்வாங்கில் இருந்த ஒரு சின்னப்பெண் எழும்பி, "ரீச்சர், அது கரண்டிலை ஓடுறது. மேலை கம்பி இருக்கே! நீங்கள் டிராமே காணேல்லையோ?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. 'தாம் காணாததைப் படிப்பிக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சமிருந்தது ஒரேயொரு பாடம். திங்கட்கிழமை. தலைப்புச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்: கொழும்புத் துறைமுகம். அவள் வாழ்நாளில் கண்ட பெரிய கப்பல், யாழ்ப்பாணத்துப் பண்ணைத்துறையில் தீவுப்பகுதிக்குப் போக நிற்கிற மோட்டார் லோஞ்சிதான். இதிலும் தவறினால் ஊருக்கு வந்துவிடு, உன் படிப்புக்கு முடிச்சுப் போட்டுவிட்டுக் கழுத்துக்கு முடிச்சுப் பார்ப்போம் என்று தகப்பன் எழுதியிருந்தார்.

"விசரே உனக்கு? இதுக்கு ஏன் அழுகிறாய்?" என்றாள் பேர்ணடெற். கனகேஸ்வரியின் வகுப்புத் தோழி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். கொழும்பு தன் வீட்டுக் கொல்லைப்புறம் என்கிற மாதிரித்தான் எப்போதும் கதைப்பாள். "சனிக்கிழமை என்னோடை வா. டிராமிலை ஏத்தி, ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், கப்பலைத் தொட்டுக் காட்டுறன். அஞ்சு மணிக்கு வாசல் பூட்டுவாங்கள். அதுக்கு முதல் போனாச் சரி."

வீட்டில் கேட்கவே கனகேஸ்வரிக்கு நாக்கு எழும்பவில்லை. வியாழக்கிழமை துணிந்து சின்னம்மாவிடம் கேட்டாள். சின்னம்மா அரிவாளையும் கத்தரிக்காயையும் கீழே வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, "அதுக்கென்ன, போட்டு வாவன்" என்றார்.

ஒரு வேதக்காரப் பிள்ளையோடு, ஆண்துணை இல்லாமல், கொட்டாஞ்சேனைவரை! மழை கிழக்கே பெய்கிறதா மேற்கே பெய்கிறதா என்று கனகேஸ்வரி வெளியே எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில்தான் விஷயம் கொஞ்சம் விளங்கியது. மேசையில் மூன்று பார்சல்கள் வரிசையாக இருந்தன. ஊரிலிருந்து யார் வந்தாலும் கொழும்புச் சொந்தக்காரருக்கு ஏதாவது கட்டி அனுப்புவார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீட்டிலுள்ள கால் உள்ளவர்கள் கடமை. "போற வழிதானே பிள்ளை" என்றார் சின்னம்மா. "ஒடியல் மா பம்பலப்பிட்டி நாகேந்திரம் மாமாவுக்கு. சரக்குத்தூள் கொம்பனித்தெருவிலை பிள்ளை பெத்த வீட்டுக்கு. உந்தப் பனங்கட்டிப் பை கொட்டாஞ்சேனையிலை தெய்வானைப்பிள்ளை மாமிக்கு. அதைக் கடைசியாக் குடு. அங்கை கட்டாயம் இருந்து, தேத்தண்ணி குடிச்சு, ஆறுதலாக் கதைச்சிட்டுத்தான் எழும்போணும். ஒன்பதுக்கு முன்னம் படியிறங்கு, ராகுகாலம் வந்திடும்."

இவ்வளவும் சரி. ஆனால் மாம்பழ நிறப் பட்டுச்சேலை எதற்கு? தலைக்கு இரண்டு முழம் மல்லிகை எதற்கு? கழுத்துக்குச் சின்னம்மாவின் சொந்த அட்டியல் எதற்கு?

"கப்பல் பாக்கப் போறியோ, கப்பலைக் கலியாணம் முடிக்கப் போறியோ?" என்று வாசலில் நின்ற பேர்ணடெற் கேட்டாள். சின்னம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கோவணத்துக்கு மேல் துவாயைச் சுற்றிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று, "வாற சனி நானும் வாறன் பிள்ளை" என்றார்.

பம்பலப்பிட்டியில் பார்சலை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தார்கள். நல்ல நினைப்பு! நாகேந்திரம் மாமா பென்சன் எடுத்து நாலு வருடம். அன்றிலிருந்து தன் கதையைக் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்த மனிதர். முதலில் இடியப்பமும் சொதியும் வந்தன. சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்றால், "அது வெள்ளவத்தைச் சாப்பாடு, இது பம்பலப்பிட்டிச் சாப்பாடு" என்றார். பிறகு அல்பம் வந்தது. எல்லாம் அரசாங்கக் கந்தோர் வாசலில் எடுத்த படங்கள்: பதுளைக் கச்சேரியில் மாமா, கேகாலைக் கச்சேரியில் மாமா, குருநாகலில் குடையோடு மாமா. ஊர் மாறியதே தவிர, மாமாவும் கச்சேரி வாசற்படியும் மாறவில்லை. பேர்ணடெற் மூன்றாவது முறை கொட்டாவி விட்டபோது மணி பதினொன்று.

காலிமுகக் கடற்கரைத் திடலைக் கனகேஸ்வரி பஸ்ஸில் இருந்துதான் கண்டாள், அதுவும் ஒரு தடித்த மனிதரின் தோளுக்கு மேலால். "அதுதான் காலிமுகம்!" என்று பேர்ணடெற் கத்தினாள். கனகேஸ்வரி கழுத்தை நீட்டினாள். அதற்குள் அது போய்விட்டது.

கொம்பனித்தெரு வீட்டில் பிறந்து இருபத்தெட்டு நாளான ஆண்குழந்தை நித்திரையாகக் கிடந்தது. பிள்ளையைப் பார்க்காமல் போனால் குறை. நித்திரையில் எழுப்பினால் அதைவிடக் குறை. ஆகவே எல்லோரும் தொட்டிலைச் சுற்றி இருந்து அது எழும்புமட்டும் காத்திருந்தார்கள். பேர்ணடெற் ஒருமுறை தும்மிப் பார்த்தாள், பலிக்கவில்லை. குழந்தைக்கு என்ன அவசரம், அதற்குத் திங்கட்கிழமை பாடமா இருக்கிறது? அது எழும்பியபோது சோறு ஆறிவிடும் என்று தட்டுகள் வந்துவிட்டன. தெருவுக்கு இறங்கும்போது மணி ஒன்றரை.

"உங்கடை ஆக்களுக்குச் சொந்தக்காரர் எத்தனை பேரடி?" என்று பேர்ணடெற் ஏங்கிப் போய்க் கேட்டாள். "எங்கடை கோயில் திருநாளுக்கும் இவ்வளவு சனம் வராது."

"இனி ஒரு வீடுதான்" என்றாள் கனகேஸ்வரி. காலையிலிருந்து அவள் கொப்பியில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கோட்டையில் டிராம் ஏறியபோது மட்டும் கொஞ்சம் உயிர் வந்தது. தலைக்கு மேலே கம்பி ஓடியது. கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒரு தடி வந்தது. மூலை திரும்பும்போது சடசடவென்று நீலப்பொறி பறந்தது. "இஸ்ஸரஹட்ட யன்ன, நோனா!" என்று கண்டக்டர் முன்னுக்குப் போகச் சொன்னதும் அவளுக்குக் கேட்கவில்லை. வாயைப் பிளந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பெரிய கம்பியைக் கண்டிருந்தால் நிலக்கரி என்று சொல்லியிருப்பாளா? வெட்கத்தில் காது சுட்டது.

கொட்டாஞ்சேனை வீட்டைக் கண்டுபிடித்தபோது இரண்டரை மணி. கதவைத் திறந்தவர் தெய்வானைப்பிள்ளை. ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கூர்மையான கண். கணவன் இல்லை, ஒரே மகன் நவரத்தினம். துறைமுகத்துப் பக்கம் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை என்று சின்னம்மா சொல்லியிருந்தார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது ஊர்ப்பழமொழி. அந்த வீட்டுக் கோழிகூட அரசாங்கத்துக் கோழி மாதிரித்தான் நிமிர்ந்து நடந்தது.

"இரு பிள்ளை. முதல் ஒரு உதவி செய், எனக்கு இப்ப கண் சரியாத் தெரியிறேல்லை" என்று ஒரு ஊசியும் நூலும் நீட்டினார். கனகேஸ்வரி ஒரே தரத்தில் கோத்துக் கொடுத்தாள். பிறகு பத்திரிகையில் நாலு வரி வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். பிறகு, "குசினியிலை செம்பு இருக்கு, தண்ணி எடுத்துக்கொண்டு வா மோனை" என்றார். அவள் போவதையும் வருவதையும் தலை சாய்த்துப் பார்த்தார்.

"இது வீடோ, ஆஸ்பத்திரியோ?" என்று பேர்ணடெற் காதுக்குள் கேட்டாள். வாய் நிறைய முறுக்கு. "கண்ணைச் சோதிக்கிறா, காலைச் சோதிக்கிறா. இனி நாக்கை நீட்டச் சொல்லுவாவோ?"

கனகேஸ்வரிக்கு இன்னமும் உறைக்கவில்லை. படிப்பில் சூரி, இந்த மாதிரிக் காரியத்தில் பச்சைக் குழந்தை. தெய்வானைப்பிள்ளை பனங்கட்டிப் பையை அவிழ்த்தார். ஓலைக் குட்டான் குட்டானாகப் பனங்கட்டியை எடுத்து வைத்தார். அடியிலிருந்து, நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய ஒரு நீளக் கடுதாசி வந்தது. மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது அவளுடைய தகப்பனின் கையெழுத்து. 'சௌபாக்கியவதி கனகேஸ்வரியின் சாதகம்.'

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பட்டுச்சேலை, அட்டியல், மல்லிகை, ராகுகாலம், ஊசி, செம்பு, எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஊர் பார்க்க என்று புறப்பட்டவளை, காலையிலிருந்து ஊர்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் சாதகத்தைத் தானே பஸ்ஸிலும் டிராமிலும் மடியில் வைத்துக் காவிக்கொண்டு வந்து, தானே கையில் கொடுத்திருக்கிறாள். தன் தலையெழுத்தைத் தானே சுமந்து திரிந்த மடச்சி உலகத்தில் வேறு யார் இருப்பாள்?

"நகலைப் பாத்து சாத்திரியார் பத்திலை எட்டுப் பொருத்தம் எண்டவர்" என்று தெய்வானைப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார். "அசலையும் ஒருக்காப் பாத்திட்டு முடிவு சொல்லுறன் எண்டவர். ஆள் நல்லூர்த் தேருக்குப் போட்டார், வாற வெள்ளிக்கிழமைதான் வருவார். வந்தவுடனை காட்டி, நாளும் வைச்சிடலாம்."

உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். திரை விலகியது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு நவரத்தினம் வந்து, கதிரையின் நுனியில் இருந்து, தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

மணி மூன்றே கால். கல்யாணம் நிச்சயமானால் பயிற்சிக் கல்லூரி முடிந்த கதை. திங்கட்கிழமைப் பாடம் கோணினாலும் முடிந்த கதை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே குழி. கனகேஸ்வரிக்கு அழுகை வந்தது. அது கண்ணுக்கு வருவதற்குள் கோபமாக மாறிவிட்டது. பையைத் திறந்து கொப்பியையும் பென்சிலையும் எடுத்தாள்.

"நீங்கள் துறைமுகத்துக் கந்தோரிலையோ வேலை?"

பெண்பார்க்கும் இடத்தில் பெண் கேள்வி கேட்டு நவரத்தினம் கேள்விப்பட்டதே இல்லை. திடுக்கிட்டு, "ஓம்" என்றான்.

"எத்தினை வருஷம்?"

"ஆறு."

"கப்பலிலை நிலக்கரி ஏத்திறது எப்பிடி? ஆக்கள் சுமக்கிறதோ, மிஷினோ? அலை அடிக்காமல் கட்டின கல்லணை எவ்வளவு நீளம்? ஒரு கப்பலிலை எத்தினை பேர் போகலாம்?"

நவரத்தினம் தாயைப் பார்த்தான், பேர்ணடெற்றைப் பார்த்தான், முறுக்குத் தட்டைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது" என்றான் மெல்ல. "நான் மேல்மாடியிலை. ஜன்னல் றோட்டுப் பக்கம். கப்பல் எல்லாம் எனக்குக் கடுதாசியிலைதான் வரும். இறங்கிப் போய்ப் பாக்க வேலை விடாது."

பேர்ணடெற்றுக்குப் புரையேறிவிட்டது. ஆனால் சிரிப்பை அடக்கவைத்தது தெய்வானைப்பிள்ளையின் முகம்.

"நீயும் காணேல்லையோடா?" என்றார் அவர். "ஒவ்வொரு நாளும் கப்பலுக்குள்ளை ஏறி இறங்கிறமாதிரி அல்லோ எனக்குச் சொன்னனி? 'இண்டைக்குப் பினாங்குக் கப்பல் வந்தது அம்மா, நாளைக்கு றங்கூன் கப்பல் அம்மா' எண்டு!"

"கடுதாசியிலை வந்ததுதானே அம்மா."

தெய்வானைப்பிள்ளை சாதகத்தை மடித்து வைத்தார். பிறகு கனகேஸ்வரியிடம்தான் சொன்னார். "இவன்ரை தேப்பன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னம் மலாயாவுக்குப் போனவர் பிள்ளை. இந்தத் துறைமுகத்தாலைதான். நான் அப்ப ஊரிலை. மூண்டு வருஷத்திலை கிள்ளானிலை காய்ச்சல் வந்து மோசம் போட்டார் எண்டு தந்தி வந்தது. இவனோடை இங்கை வந்து ஆறு வருஷம். விடிய எழும்பினாக் கப்பல் ஊதுற சத்தம் கேக்கும். ஒரு நாளும் போய்ப் பாக்கேல்லை. ஆர் கூட்டிக்கொண்டு போறது? சனிக்கிழமை வந்தா இவன் முழுக்கு."

கனகேஸ்வரி கொப்பியை மூடினாள். "வாங்கோ மாமி, போவம்" என்றாள். "அஞ்சு மணிக்குப் பூட்டுவாங்கள்."

அப்படி ஒரு பெண்பார்ப்பு கொட்டாஞ்சேனையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. முதல் ரிக்‌ஷாவில் பெண்ணும் மாப்பிள்ளையின் தாயும். இரண்டாவது ரிக்‌ஷாவில் பேர்ணடெற்றும் முறுக்குப் பொட்டலமும். மாப்பிள்ளை பின்னால் தனி ரிக்‌ஷாவில், குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தான்.

ஜெட்டி வாசலில் காவல்காரன் கையை நீட்டி மறித்தான். "பாஸ் எக கோ?" நவரத்தினம் பேர்ஸைத் திறந்து, ஆறு வருடமாக மடிப்புக் கலையாமல் கிடந்த பாஸை எடுத்து நீட்டினான். காவல்காரன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலு பேரையும் உள்ளே விட்டான். மணி நாலு பத்து.

கனகேஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் கண்ட கப்பல் கையளவு. இது வீதியில் ஒரு வரிசை வீடுகளைத் தூக்கித் தண்ணீரில் வைத்த மாதிரி நின்றது. அதைப் போல ஆறு ஏழு. இடையிலே தட்டைப் படகுகளில் நிலக்கரி குவிந்திருந்தது. கரி அப்பிய மனிதர்கள் கூடை கூடையாகப் பலகையில் ஏறி இறங்கினார்கள். பாரந்தூக்கி ஒன்று பெட்டியைக் கவ்வி ஆகாயத்துக்குக் கொண்டுபோய், யோசித்து, மெல்ல இறக்கியது. அவள் எழுதினாள், எழுதினாள், பென்சில் முறியும்வரை எழுதினாள். பேர்ணடெற் தன் தலையிலிருந்து ஊசியை எடுத்துப் பென்சிலைச் சுரண்டிக் கூராக்கிக் கொடுத்தாள்.

நவரத்தினத்துக்கும் ஏதோ ஆகிவிட்டது. கப்பல்களின் பெயரைப் படித்தவன் துள்ளாத குறையாகக் கத்தினான். "அம்மா, இந்தா இது! இதின்ரை கடுதாசி திங்கக்கிழமை என்ரை மேசையிலை கிடந்தது! அதுக்குப் பக்கத்திலை நிக்கிறது செவ்வாய்க்கிழமை! அந்தா, வெளிக்கிடுது பாருங்கோ, அது பினாங்குக்குப் போறது."

பினாங்குக் கப்பல் ஊதியது. வீட்டில் கேட்கிற அதே சத்தம், ஆனால் இங்கே நெஞ்சுக்குள்ளே அதிர்ந்தது. தெய்வானைப்பிள்ளை கனகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு பெரிசோ?" என்றார்.

"ஓம் மாமி."

"நான் வள்ளம் எண்டல்லோ நினைச்சனான்" என்றார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "கொஞ்சம் பெரிய வள்ளம். எங்கடை ஊர்க் கடலிலை ஓடுமே, அது மாதிரி. அதிலை ஏறி அந்த மனிசன் எப்பிடி நடுங்கிக்கொண்டு போச்சுதோ, அலையிலை எப்பிடித் தத்தளிச்சுதோ எண்டு இருபத்திரண்டு வருஷமா நினைச்சு நினைச்சுப் பயந்தன் பிள்ளை. செத்தது காய்ச்சலிலை. ஆனா நான் கனாவிலை காணுறது வள்ளத்தைத்தான். இது பெரிய மாளிகையல்லோ! மனிசன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போயிருக்கும்."

கப்பல் கல்லணையைத் தாண்டிப் போகும்வரை நாலு பேரும் நின்றார்கள். பேர்ணடெற் மட்டும் கை காட்டினாள். யாருக்கென்று அவளுக்கே தெரியாது.

திரும்பும் வழியில், ரிக்‌ஷாவில், தெய்வானைப்பிள்ளை சுற்றி வளைக்காமல் கேட்டார். "உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ பிள்ளை? என்ரை பெடியன் தங்கமானவன். கொஞ்சம் அசமந்தம், அவ்வளவுதான்."

கனகேஸ்வரி மடியிலிருந்த கொப்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் திங்கக்கிழமை பாடம் இருக்கு மாமி" என்றாள்.

திங்கட்கிழமை கனகேஸ்வரி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பிள்ளைகளை முற்றத்துக்கு இறக்கி, நாற்பது பேரையும் கைகோத்து வரிசையாக நிறுத்தினாள். "இதுதான் கப்பலின் முன்பக்கம். பின்பக்கத்துக்கு இன்னும் இரண்டு வகுப்பு வேணும்" என்றாள். பக்கத்து வகுப்புகள் தாமாகவே ஓடி வந்தன. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். டிராம் கம்பியைக் காட்டிக்கொடுத்த அதே சின்னப்பெண் வரிசையின் நடுவில் நின்று, "ரீச்சர், நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். கண்டனான்" என்றாள் கனகேஸ்வரி. அந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது அவளுக்கு வந்த பெருமை, பிற்காலத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற அன்றுகூட வரவில்லை. இன்ஸ்பெக்டர் இம்முறையும் சிரிக்கவில்லை, ஆனால் கப்பலின் நடுப்பக்கத்தில் இடைவெளி விழுந்தபோது தானே போய் நின்று கைகோத்துக் கொடுத்தார். பாடத்தில் அவள் சித்தியடைந்துவிட்டாள்.

புதன்கிழமை சின்னம்மாவுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கடிதம் வந்தது. சாத்திரியார் அசலைப் பார்த்தாராம், பொருத்தம் போதாதாம், பிள்ளை தங்கமான பிள்ளை, குறை நினைக்க வேண்டாமாம். சின்னம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நகலிலை எட்டாம், அசலிலை போதாதாம்! உங்கடை அண்ணர் நகல் எழுதேக்கை என்ன கண்ணை மூடிக்கொண்டோ எழுதினவர்?" என்று சித்தப்பாவிடம் கேட்டு, மூன்று நாள் உரும்பிராய்த் திசையைப் பார்த்துத் திட்டினார்.

சாத்திரியார் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று தன் காதால் கேட்டவள் கனகேஸ்வரி. புதன்கிழமை வந்த கடிதத்துக்குள் அவர் எப்படி வந்தார் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் படலை கிறீச்சிட்டது. சித்தப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே பாய்ந்தார். வெளியே ஒரு குடையும் துணிப்பையுமாகத் தெய்வானைப்பிள்ளை. பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு பேர்ணடெற். இருவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து சேர்ந்தே வந்திருந்தார்கள்.

"அசலைத் திருப்பிக் குடுக்க வந்தனான்" என்று சாதகத்தைச் சின்னம்மாவின் கையில் வைத்தார் தெய்வானைப்பிள்ளை. "சம்பந்தம் சரிவரேல்லை எண்டு மனுசர் மாறிப் போறதோ? மியூசியத்திலை திமிங்கிலத்தின்ரை எலும்பு கிடக்காம். உங்கடை பிள்ளையை ஒருக்கா என்னோடை விடுங்கோ. நான் பத்திரமாப் பாத்துக் கூட்டிக்கொண்டு வருவன்."

திருநீறும் வெள்ளைச் சேலையுமாக நிற்கிற ஒரு மனிசியிடம் சின்னம்மா என்னத்தைச் சொல்லி மறுப்பது? "தம்பி வரேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"அவன் முழுக்கு."

சின்னம்மா பெருமூச்சு விட்டு உள்ளே போய், முருங்கைக்காய்க் கட்டு ஒன்றோடு வந்தார். "மியூசியத்துப் பக்கம் எண்டா, போற வழியிலை இதையும்..." என்று தொடங்கினார். மூன்று பேரும் படலையைத் தாண்டி ஓடியே விட்டார்கள். தெய்வானைப்பிள்ளைதான் முன்னால்.

பஸ் நிற்கிற மூலையில் மூச்சு வாங்கியபடி கனகேஸ்வரி கேட்டாள். "மாமி, சாத்திரியார் வந்திட்டாரோ?"

"நேற்றுத்தான் வந்தவர். நான் காட்டேல்லை."

"ஏன் மாமி?"

தெய்வானைப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு காலி வீதியைப் பார்த்தார். "காட்டினா எட்டுப் பொருத்தம் எண்டு அந்தாள் சொல்லிப்போடும். பேந்து நீயும் என்ரை வீட்டிலை இருந்து, கப்பல் ஊதுறதைக் கேட்டுக்கொண்டு கத்தரிக்காய் வெட்டுவாய். அந்த வீட்டிலை அதைச் செய்ய நான் ஒருத்தி போதும்."

பஸ் வந்தது. தெய்வானைப்பிள்ளை எல்லோரையும் தள்ளிக்கொண்டு முதலில் ஏறி, ஜன்னல் ஓரமாக இருந்துகொண்டார்.